மூன்று டிகிரி சாய்ந்த புவனா

பஸ் போய்விட்டது. கண்ணமங்கலத்தில் ஒரு டீக்கடை வாசலில், பாதி கடித்த மசால் வடையோடு நான் நிற்கிறேன். பஸ்ஸின் ஜன்னலோர இருக்கையில் என் பை போகிறது. பைக்குள் ஒரு பெண்ணின் மண்டையோடு போகிறது.

பயப்படாதீர்கள், நிஜ மண்டையோடு இல்லை. நான் மலேசியாவில் கிள்ளானில் இருக்கிறேன். தாடை அறுவை சிகிச்சைக்கு முன்கூட்டியே திட்டம் போட்டுக் கொடுப்பது என் வேலை. ஸ்கேனில் வரும் எலும்பையும் முகத்தையும் கணினியில் முழு உருவமாகக் கட்டி, தலையில் மாட்டும் மெய்நிகர் கண்ணாடிக்குள் ஏற்றிவிடுவேன். டாக்டர் அதை மாட்டிக்கொண்டால் நோயாளியின் தலை கண்ணெதிரே நிற்கும். கையால் பிடித்துத் திருப்பலாம். தாடையை அறுத்து முன்னே பின்னே நகர்த்தலாம். பிடிக்கவில்லையென்றால் பழையபடி ஒட்டிவிடலாம். நிஜக் கத்தி எடுத்த பிறகு அந்தச் சலுகையெல்லாம் கிடையாது.

வேலூர்ப் பக்கம் ஒரு மருத்துவமனை இந்தக் கண்ணாடியை வாங்கியிருந்தது. சொல்லிக்கொடுக்க வந்த என்னை, அங்கே அறுவை செய்யும் டாக்டரம்மா ஆரணிக்குத் தள்ளிவிட்டார்.

"புவனான்னு ஒரு பொண்ணு, இருபத்தஞ்சு வயசு. நீங்க கிள்ளான்லேருந்து திட்டம் போட்டுக் குடுத்தீங்களே, அதே பொண்ணுதான். அடுத்த புதன்கிழமை ஆபரேஷன். அப்பா முகூர்த்த ஆர்டர்னு தறிய விட்டு நகர மாட்டேங்கிறார். நீங்களே போய் வீட்ல எல்லாருக்கும் காட்டிடுங்க. ஒப்புதல் ஃபாரமும் தரேன். புரிஞ்சு கையெழுத்துப் போடட்டும்."

அப்படித்தான் ஆரணி பஸ்ஸில் ஏறினேன். கண்ணமங்கலத்தில் டிரைவர் டீ குடிக்க இறங்கினார். டிரைவரே இறங்கினால் பஸ் எங்கே போகும் என்று நானும் இறங்கினேன். டிரைவர் ஒரே மடக்கில் குடித்துவிட்டு ஏறிவிட்டார். எனக்கு வடை சூடு. எங்கள் ஊரில் இப்படி ஆகியிருந்தால் புகார் எண் தேடுவேன், பாட்டுப் போடுவார்கள், அரை மணி நேரம் அந்தப் பாட்டைக் கேட்பேன். இங்கே டீ மாஸ்டர் வடைச் சட்டியை விட்டுக் கண்ணெடுக்காமலே போனைக் காதில் வைத்தார்.

"டேய், உன் வண்டில ஒரு அக்காவோட பை கீது பாரு... ஆங், வெளியூரு. வடை துன்னுகினு கோட்டை விட்டுட்டாங்க." என் பக்கம் திரும்பினார். "பை பத்திரம். பக்கத்து சீட்டு அம்மா மடில வெச்சிகினு கீறாங்களாம். அடுத்த வண்டில ஜல்தியா போங்க."

அடுத்த வண்டி இருபது நிமிடத்தில் வந்தது. அந்த இருபது நிமிடத்தில் எனக்கு மாரடைப்பு வராதது ஆச்சரியம்.

ஆரணி பஸ் நிலையத்தில் சிமெண்ட் பெஞ்சில் ஓர் அம்மா, பையைக் குழந்தை மாதிரி கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தேவிகாபுரம் போக வேண்டியவர். எனக்காக இரண்டு பஸ்ஸை விட்டிருந்தார். நன்றி சொல்ல வாயைத் திறப்பதற்குள் திட்டு விழுந்தது. "இன்னாம்மா நீ, பொருள வுட்டுட்டா டீ குடிக்கப் போவாங்க? உள்ள இன்னாது, ஹெல்மெட்டா?" ஏறக்குறைய அப்படித்தான் என்றேன். கையில் ஏதாவது கொடுக்கப் போனால் முறைத்தார். கடைசியில் ஒரு பன்னீர் சோடாவுக்கு மட்டும் ஒத்துக்கொண்டார். அடுத்த பஸ் வந்ததும் ஏப்பம் விட்டுக்கொண்டே ஏறிப்போனார். நல்லா இருக்கணும் அந்த அம்மா.

எங்கள் குடும்பம் மூன்று தலைமுறைக்கு முன்னால் தமிழ்நாட்டில் எந்த ஊரிலிருந்து கப்பல் ஏறியது என்று எனக்குத் தெரியாது. தேடவும் வரவில்லை. ஆனால் அன்று லாட்ஜுக்கு நடந்தபோது எனக்கு ஆரணியைப் பிடித்துவிட்டது. பட்டுக் கடை, அரிசி மண்டி, செல்போன் கடை, மறுபடி பட்டுக் கடை. யாரைப் பார்த்தாலும் இடுப்பில் கைவைத்து நின்று பேசிகினு இருக்கிறார்கள்.

இரண்டாம் நாள் காலை புவனா வீட்டுக்குப் போனேன். தெருமுனையிலேயே சத்தம் வழிகாட்டியது. முன்னறையில் நான்கு விசைத்தறிகள் தடதடவென்று ஓடுகின்றன. இந்தச் சத்தத்திலேயே முப்பது வருஷம் இருந்ததால் புவனாவின் அப்பா தேவராஜுக்கு மெதுவாகப் பேசவே வராது. "வாங்க மேடம்! நாஷ்டா ஆச்சா?" என்று அவர் கேட்டது கிள்ளானுக்கே கேட்டிருக்கும். எங்கள் ஊரில் "பசியாறியாச்சா?" என்போம். எப்படிக் கேட்டாலும் இலை விழுவது ஒன்றுதான். இட்லி, வடகறி, அதன் மேல் இன்னொரு கரண்டி வடகறி.

புவனா எதிரே உட்கார்ந்தாள். அவள் மண்டையோட்டை நான் மூன்று வாரமாகத் தெரிந்து வைத்திருக்கிறேன். முகத்தை அன்றுதான் பார்க்கிறேன். கீழ்த்தாடை முன்னால் வந்து இடதுபுறம் ஒதுங்கியிருக்கும். முன்பற்கள் ஒன்றோடொன்று சேராது. இட்லியைத் துணுக்குத் துணுக்காகப் பிய்த்து, வாயின் ஓரத்தில் தள்ளி, கடைவாயில் அரைத்தாள். நான் நாலு முடித்தபோது அவள் ஒன்றில்தான் இருந்தாள். மதியத்துக்குக் கறி எடுத்திருந்த அம்மா மல்லிகா, எல்லாருக்கும் துண்டுக் கறியும் அவளுக்குக் கைமா உருண்டையும் என்று தனியாக எடுத்து வைத்தார். யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. எட்டாம் வகுப்பிலிருந்து அந்த வீட்டில் அப்படித்தானாம்.

இட்லி முடிந்ததும் வியாபாரம் தொடங்கியது. அப்பா நெய்கிறார், பக்கத்துத் தறிக்காரர்களிடமும் வாங்குகிறார், மகள் போனில் நேரலையில் விற்கிறாள். உள் அறையில் வெள்ளைத் துணி கட்டி, வட்ட விளக்கு வைத்து, அம்மா போனைப் பிடித்துக்கொள்கிறார். "வணக்கம் சிஸ்டர்ஸ்! ஆரணிலேருந்து உங்க புவனா. இந்த மயில் கழுத்துக் கலர பாருங்க, முந்தி பாருங்க, வேணுங்கறவங்க ஸ்க்ரீன்ஷாட் அனுப்புங்க." இட்லியோடு மல்லுக்கட்டிய அதே பெண்ணா? ஒரு மணி நேரத்தில் ஒரு பீரோ காலி.

பிறகு கண்ணாடியை வெளியே எடுத்தேன். முதலில் அப்பா. மாட்டியதும் "யப்பா!" என்று ஓரடி பின்னால் போனார். அவர் மகளின் முகம் எதிரே நிற்கிறது, அதன் உள்ளே எலும்பு தெரிகிறது. அடுத்து அவர் செய்த காரியத்தை இத்தனை வருஷத்தில் எந்த டாக்டரும் செய்து நான் பார்த்ததில்லை. தரையில் குந்தி, கழுத்தை மடக்கி, தாடையை அடியிலிருந்து பார்த்தார்.

"இன்னா அப்பா பண்றீங்க?" என்றாள் புவனா.

"சேலைய மேல பாத்தா அழகுதான் தெரியும். அடிப்பக்கம் பாத்தாதான் நெசவு தெரியும்." இன்னும் கொஞ்சம் நகர்ந்து கட்டில் காலில் மண்டையை இடித்துக்கொண்டார். அப்புறம் அறுக்கப்போகும் இடத்தைக் காட்டச் சொன்னார், நகர்த்திக் காட்டச் சொன்னார், இரண்டு பக்கமும் பொருந்துகிறதா என்று விரலால் அளந்தார். கீழ்த்தாடையில் மட்டும் வெட்டு, மேலே கை வைக்கவில்லை என்றதும் முகம் மலர்ந்தது. "சுத்தமான வேலை மேடம். ஒரு இழை தப்பல." நானும் பெருமையோடு தலையாட்டினேன். என் வேலையைத் தறிக்காரர் ஒருவர் மெச்சுகிறார் என்றால் சும்மாவா?

அடுத்து அம்மா. மல்லிகா மாட்டிக்கொண்டு எலும்பையெல்லாம் பார்க்கவே இல்லை. மகளின் முகத்தை மட்டும் பார்த்தார். பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"அய்ய, இன்னாங்க இது! இவ இங்கயும் லைவ் போய்கினு கீறாளே!"

எல்லாரும் சிரித்தோம். புவனா அம்மாவை இடித்தாள். நானும் சிரித்துக்கொண்டே கறிச்சோறு சாப்பிடப் போனேன். அந்தச் சோற்றைப் பற்றி இரண்டு வரி எழுதலாம், ஆனால் எனக்கு இப்போது எழுத மனமில்லை. மல்லிகா சொன்னதை அப்போதே நான் காது கொடுத்துக் கேட்டிருக்க வேண்டும்.

மூன்றாம் நாள் காலை மறுபடி நேரலை. விடைபெறத்தான் போயிருந்தேன். கையெழுத்து வாங்கிக்கொண்டு மதிய பஸ்ஸைப் பிடிப்பதாக ஏற்பாடு. அறை மூலையில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். புவனா ஒரு சேலையை இடது தோளில் போட்டாள். அம்மா போனைத் தூக்கினார். போன் மேலே வந்ததும் புவனாவின் தலை இடது தோள் பக்கம் லேசாகச் சாய்ந்தது, சேலையில் கன்னம் வைக்கிற மாதிரி. ஒதுங்கியிருந்த தாடை நடுவுக்கு வந்துவிட்டது. நடுவில் மின்சாரம் போனது. அம்மா போனை இறக்கினார். தலை நேரானது, தாடை இடது பக்கம் போனது. மின்சாரம் வந்தது, போன் ஏறியது, தலை சாய்ந்தது.

நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன்.

தாடைத் திட்டத்துக்கு எல்லாவற்றுக்கும் அடிப்படை ஒன்றுதான். அந்த ஆள் இயல்பாக நிற்கும்போது தலை எப்படி நிற்கிறது? ஸ்கேனில் படுத்திருப்பார்கள், அது தெரியாது. அதனால் நிற்கவைத்து ஒரு போட்டோ எடுப்பார்கள். அந்தப் போட்டோவில் உள்ளபடி நான் எலும்பை நிறுத்துவேன். நேர் எது, கோணல் எது என்பதெல்லாம் அதற்கப்புறம்தான். புவனாவின் போட்டோவில் கண்மட்டம் ஒரு பக்கம் தாழ்ந்திருந்ததை நான் பார்த்தேன். பார்த்துவிட்டு, பிறவியிலேயே கண்மட்டம் அப்படி என்று குறித்தும் வைத்தேன். மடச்சி! கேமராவைக் கண்டதும் அவள் லைவுக்கு நிற்பதுபோல நின்றிருக்கிறாள். போனுக்குள் தினமும் அந்த முகத்தைப் பார்க்கும் அம்மாவுக்கு ஒரே நொடியில் தெரிந்தது, எனக்கு மூன்று வாரத்திலும் தெரியவில்லை.

மடிக்கணினியைத் திறந்து கண்மட்டத்தை நேராக்கிப் பார்த்தேன். மூன்று டிகிரி. அவ்வளவுதான். ஆனால் அந்த மூன்று டிகிரியில் என் திட்டம் குப்பை. புதன்கிழமை அதன்படி அறுத்திருந்தால், தலையைச் சாய்த்தால் மட்டும் நேராகத் தெரியும் ஒரு முகத்தை அவளுக்கு நிரந்தரமாகக் கொடுத்திருப்போம்.

தெருவுக்கு வந்து டாக்டரம்மாவுக்குப் போன் போட்டேன். "டாக்டர், தப்பு பண்ணிட்டேன்" என்று ஆரம்பித்து எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினேன். வெட்கம், பயம், எல்லாம். அவர் திட்டவில்லை. "போட்டோவ நானும்தான் பாத்தேன். விடுங்க. அவ தலை நிஜமா எப்படி நிக்குதுன்னு இப்பக் கண்டுபிடிக்கணும். ஒரு தடவை பத்தாது. வேற வேற நேரத்துல மூணு தடவை எடுங்க. மூணும் ஒத்துப்போனா இங்க வந்ததும் நான் சரிபாக்கறேன்."

சொல்வது சுலபம். நேரா நில்லும்மா என்றால் புவனா சாய்ந்து நிற்கிறாள். முகம் பார்க்கும் கண்ணாடியில் உன் கண்ணையே பார் என்றால் இன்னும் சாய்கிறாள். கண்ணை மூடி, தலையை மேலும் கீழும் ஆட்டி நிறுத்தச் சொன்னேன். கண்ணைத் திறந்ததும் என்னைப் பார்த்துச் சாய்ந்தாள். "இன்னாக்கா பேஜாரு பண்றீங்க, நான் நேராத்தான் நிக்கறேன்!" அவளைச் சொல்லிக் குற்றமில்லை. யாராவது பார்க்கிறார்கள் என்றாலே கழுத்து தானாக வேலை செய்கிறது.

யாரும் பார்க்காத இடம் எங்கே இருக்கிறது? என் பையிலேயே இருந்தது. அந்த மெய்நிகர் கண்ணாடிக்குள்ளேயே தலையின் சாய்வை அளக்கும் கருவி உண்டு. அவள் முகத்தில் அது எப்படி உட்காருகிறது என்பதை முதலில் தனியாக அளந்து வைத்துக்கொண்டேன். பிறகு எலும்பு, தாடை எதையும் போடாமல், எங்கள் நாட்டுப் பங்கோர் தீவுக்குப் போகும் படகின் மேல்தட்டில் நின்று நானே எடுத்த ஒரு காட்சியைப் போட்டேன். நாலாபுறமும் கடல், தூரத்தில் தீவு.

"உள்ள இருக்கும்போது என்னை யாரும் பாக்க மாட்டாங்கல்ல?" என்று புவனா கேட்டாள்.

"மாட்டோம். நாங்க சாப்பிடப் போறோம்."

சாப்பிடுகிற மாதிரி தட்டுச் சத்தம் மட்டும் எழுப்பிக்கொண்டு மூவரும் கதவோரம் நின்றோம். அவள் முதலில் தயங்கினாள். பிறகு "அக்கா, கடல் பறவைக்கா!" என்று கத்தினாள். கொஞ்ச நேரத்தில் தீவைப் பார்த்துக்கொண்டு நின்றாள். தோள் இறங்கியது, கழுத்து நிமிர்ந்தது, தலை நேராக நின்றது.

தேவராஜ் வாழ்க்கையில் முதல்முறையாக மெதுவாகப் பேசினார். "இவ இவ்ளோ ஒசரமா?"

அந்த அளவைக் குறித்துக்கொண்டு, மாலையில் இன்னொரு தடவை, மறுநாள் காலையில் ஒரு தடவை எடுத்தேன். மூன்றும் ஒத்துப்போயின. அந்த மாலையையும் இரவையும் லாட்ஜில் புதுத் திட்டத்தோடு கழித்தேன். லாட்ஜ்காரர் இரண்டு தடவை பரோட்டா கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார். எங்கள் ஊர் ரொட்டி சானாயைவிட நன்றாக இருந்தது என்று எழுதினால் கிள்ளானில் என்னை வெட்டிப்போடுவார்கள், ஆனாலும் அது உண்மை.

நான்காம் நாள்தான் நிஜப் பிரச்சினை. தலையை நேராக நிறுத்தினால் மேல்தாடையும் சாய்ந்திருப்பது தெரிந்துவிட்டது. இனி கீழ்த்தாடை மட்டும் போதாது. மேல்தாடையையும் அறுத்து மட்டப்படுத்த வேண்டும். டாக்டரம்மா அதையே போனில் ஸ்பீக்கரில் சொன்னார். கூடுதல் நேரம் மயக்கம், கூடுதல் வீக்கம், ஆறு வாரம் கூழும் ஜூஸும். எதையும் மறைக்கவில்லை. "பழைய திட்டப்படியே வேணும்னாலும் பல்லு சேரும், கடிக்கலாம். முகம் மட்டும் முழுசா நேராகாது. யோசிச்சுச் சொல்லுங்க."

தேவராஜ் உடனே கையை ஆட்டினார். "பழசே போதும்! கடிக்க முடியுதா, அத்தோட வுடுங்க. ஒரு வெட்டுன்னாங்க, இப்ப ரெண்டுன்றாங்க. எம்பொண்ணு மூஞ்சி இன்னா துணியா? தலைய கொஞ்சம் சாய்ச்சிகினா இன்னா இப்போ? அழகாத்தான கீது!" கோபமில்லை அது. பயம். என்னால் அவர் கண்ணைப் பார்க்க முடியவில்லை, அவரை இந்தப் பயத்தில் தள்ளியதே என் தப்புதானே.

மல்லிகாவும் அவர் பக்கம் சாய்கிற மாதிரி இருந்தது. புவனா கண்ணாடியை வாங்கி மாட்டிக்கொண்டாள். பழைய திட்டத்தின் முகம் ஒருபுறம், புதுத் திட்டத்தின் முகம் ஒருபுறம், இரண்டையும் தலையை நேராக்கி நிறுத்தியிருந்தேன். பழைய முகத்தின் முன்னால் நின்றாள். அங்கிருந்து புது முகத்துக்குப் போனாள். ரொம்ப நேரம் நின்றாள். பிறகு கழற்றிவிட்டு அப்பாவிடம் போனாள்.

"அப்பா, எட்டாவதுல இருந்து சாஞ்சிகினு கீறேன். கழுத்து வலிக்குதுப்பா."

மல்லிகா நிமிர்ந்தார். "சேலை மூட்டை தூக்கறதாலன்னு சொன்னியேடி? தெனம் தைலம் தேச்சி வுட்டேனேடி!"

"பின்ன இன்னான்னு சொல்றது?"

தேவராஜ் முன்னறைக்குப் போனார். ஒவ்வொரு தறியாக நிறுத்தினார். நாலும் நின்றதும் அந்த வீட்டில் மின்விசிறிக்குக்கூடச் சத்தம் உண்டு என்று தெரிந்தது. திரும்பி வந்து என் எதிரே தரையில் உட்கார்ந்தார்.

"ஃபாரத்த குடுங்க மேடம். மொதல்ல அவ போடட்டும். அப்பறம் எங்க போடணும்னு எனக்குக் காட்டுங்க."

புதன்கிழமை அறுவை நடந்தது. நான் தியேட்டர் வாசலில் மல்லிகாவோடு உட்கார்ந்திருந்தேன். டாக்டரம்மா வெளியே வந்து கட்டைவிரலை உயர்த்திக் காட்டியபோது முதலில் அழுதது நான்தான். மல்லிகாதான் என்னைச் சமாதானப்படுத்தினார்.

கிள்ளானுக்கு வந்து பத்து நாள் கழித்து ஒரு படம் வந்தது. அம்மா எடுத்தது. முகம் பூசணிக்காய் மாதிரி வீங்கியிருக்கிறது, கண்ணுக்கடியில் கருநீலம், பற்களில் ரப்பர் வளையங்கள். பேச முடியாது, அதனால் கீழே தட்டச்சு செய்திருந்தாள்:

"அக்கா, மூஞ்சி வலிக்குது. பல்லு வலிக்குது. காது, மூக்கு எல்லாம் வலிக்குது. கழுத்து மட்டும் வலிக்கல."